எண் உண்டு, உரு இல்லை

தமிழ் நெடுங்கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் ஒரு வினாவை எதிர்கொண்டிருப்பர். "ஐயா, ஙா, ஙி, ஙீ என்று எழுதிப் பழகுகிறோமே, இவை எந்தச் சொல்லில் வருகின்றன?" என்று மாணவர் கேட்பர். அங்ஙனம், இங்ஙனம் முதலிய சொற்களில் வரும் ஙகரம் நீங்கலாக, அவ்வரிசையின் ஏனைய உயிர்மெய்களை நாம் சொற்களில் காண்பதில்லை. எனினும், 247 எழுத்துகளின் கணக்கில் அவற்றுக்கு உரிய கட்டங்கள் உள்ளன. அக்கட்டங்களை அகற்றினால் நெடுங்கணக்கின் அமைப்பே குலைந்துவிடும். ஆதலால், பயன்படாத எழுத்தும் தன் இடத்தில் நிற்கிறது.

இத்தகைய வெற்றிடங்கள் வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்கத்தக்கவை. பதிற்றுப்பத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பத்துகள் கொண்ட அந்நூலில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. 1904-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபோது எட்டுப் பத்துகளே அச்சேறின. ஆயினும், இரண்டாம்பத்தை முதற்பத்து என எவரும் எண் மாற்றவில்லை. நூல் இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த எண்ணே இழப்பின் சாட்சியாகும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொரு வெற்றிடம் உண்டு. விமானத்தின் முதல் மேல்தளத்தில் நாட்டியக் கரணங்களைக் காட்டும் சிற்பத் தொடர் அமைந்துள்ளது. கரணங்கள் 108 என்பது பரத நூலின் கணக்கு. செதுக்கப்பட்டவையோ 81. எஞ்சியவற்றுக்கு ஒதுக்கிய கற்கள் உளி படாமலே நிற்கின்றன. பதிற்றுப்பத்தில் இருந்தது தொலைந்தது; தஞ்சையில் தொடங்கியது முடியவில்லை.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. படைத்தவரே படைத்துவிட்டுப் பின்னர் நீக்கிய பொருள் விட்டுச்செல்லும் வெற்றிடம் அது. கவிஞன் அடித்த சொல்லும் ஓவியன் அழித்த கோடும் பெரும்பாலும் சுவடின்றி மறைந்துவிடுகின்றன. அத்தகைய சுவடு அழியாமல் நின்ற ஓரிடத்தை எனக்குக் காட்டியவர் என் பழைய மாணவர் ஒருவர். அவர் காட்டியது கல்வெட்டன்று, ஏடுமன்று. சிறுவர் கையில் வைத்து விளையாடும் ஒரு கருவியின் நினைவகம்.

பத்து காவான் ஒரு காலத்தில் கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த மண். பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 2014-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் பணிபுரியும் அம்மாணவர், தம் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தபோது, தாம் சிறுவயதில் விளையாடிய போக்கிமான் விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நேரம் போவதறியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னர் நானும் தேடிப் படித்தேன்.

அவ்விளையாட்டின் வரலாறு இது. ஜப்பானில் கேம் ஃபிரீக் என்னும் சிறு நிறுவனத்தை நடத்திய சட்டோஷி தஜிரி, இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். அவ்விருப்பமே விசித்திர உயிரிகளைத் தேடிப் பிடித்து வளர்க்கும் விளையாட்டாக உருவெடுத்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டு உழைப்பிற்குப் பின், 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், நிண்டெண்டோவின் கேம்பாய் என்னும் கையடக்கக் கருவிக்காகச் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள் வெளிவந்தன. உயிரிகளுக்கு உருவம் தந்த ஓவியர்களுள் முதன்மையானவர் கென் சுகிமோரி. விளையாட்டு முழுவதும் 512 கிலோபைட்டு அளவுள்ள நினைவகத்தில் அடங்க வேண்டியிருந்தது. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதனினும் பெரிது.

விளையாடுவோருக்குக் காட்டப்படும் பட்டியலில் 151 உயிரிகள் உள்ளன. ஆனால், கருவிக்குள் மறைந்திருக்கும் பட்டியல் வேறு. அதில் 190 இடங்கள் உள்ளன, வரிசையும் வேறு. வெளிப்பட்டியலில் முதலாவதாக நிற்கும் புல்பசோர், உட்பட்டியலில் 153-ஆம் இடத்தில் உள்ளது. உட்பட்டியலில் முதலிடம் பெறுவது, வெளிப்பட்டியலில் 112-ஆவதாக வரும் ரைடான். முதன்முதலில் வடிவமைக்கப்பட்டது ரைடானே என்று சுகிமோரியும் கூறியுள்ளார். எனவே, வெளிப்பட்டியல் உலகுக்குக் காட்டும் ஒழுங்கு; உட்பட்டியலோ படைப்பு வளர்ந்த முறையின் சாயல் எனலாம்.

190-இல் 151 போக எஞ்சுபவை 39 இடங்கள். அவற்றுள் மூன்றில் ஓர் ஆவியின் உருவமும் இரு புதைபடிவ எலும்புகளின் உருவங்களும் உள்ளன. ஏனைய 36 இடங்களில் உயிரி ஏதும் இல்லை. நிரலின் பிழையால் விளையாடுவோர் அவ்விடங்களை அடைய நேர்ந்தால், ஜப்பானியப் பதிப்பில் 'கெட்சுபான்' என்றும், ஆங்கிலப் பதிப்பில் 'மிஸ்ஸிங்நோ' என்றும் பெயர் தோன்றும். விடுபட்ட எண் என்பதே இரண்டின் பொருளும்.

நீக்கிய உயிரிகளின் இடங்களையும் ஏன் நீக்கவில்லை என்று கேட்கலாம். தைத்த நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் அதன் இணைத்தாளும் கழன்றுவிடும் என்பதை நாம் அறிவோம். நிரலின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஓர் உயிரியின் பெயர், ஒலி முதலியவை தனித்தனி அட்டவணைகளில் அதன் எண்ணைக் கொண்டே தேடி எடுக்கப்படுகின்றன. நடுவில் ஓர் எண்ணை அகற்றினால் அதற்குப் பின்வரும் எண்கள் யாவும் நகர்ந்துவிடும்; எல்லா அட்டவணைகளையும் திருத்த வேண்டிவரும். எனவே உருவை நீக்கினர், எண்ணை விட்டுவிட்டனர்.

இவ்வெற்றிடங்கள் சிலவற்றில் உயிரியின் குரலுக்குரிய சுருதி, நீளம் ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள் மட்டும் எஞ்சியுள்ளன. உடல் இல்லை, பெயர் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. இதனை அறிந்தபோது, பாடல் அழிந்து துறைக்குறிப்பு மட்டும் எஞ்சிய ஓர் ஏட்டைக் கையில் ஏந்தியது போன்ற உணர்வே எனக்கு உண்டாயிற்று.

நீக்கப்பட்ட இடத்தில் புதிது நுழைந்த கதையும் உண்டு. பணி முடியும் தறுவாயில், பிழை காண்பதற்கென வைத்திருந்த நிரற்பகுதிகள் நீக்கப்பட்டன. அதனால் ஏறக்குறைய 300 பைட்டு இடம் கிடைத்தது. அதன்பின் எதையும் தொடக்கூடாது என்பது விதி. ஆயினும், ஷிகேகி மோரிமோட்டோ என்னும் நிரலாளர் மியூ என்னும் 151-ஆம் உயிரியை அவ்விடத்தில் சேர்த்துவைத்தார். விளையாடுவோர் காண்பதற்காக அன்று அது வைக்கப்படவில்லை. பிழையொன்றின் வாயிலாக அது வெளிப்பட்டது, செய்தி பரவியது. அதே ஆண்டில் ஒரு சிறுவர் இதழ் வாயிலாக இருபது பேருக்கு மட்டும் மியூ வழங்கப்படும் என்று அறிவித்தபோது எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். மறைந்திருப்பதை அறியும் வேட்கை மனிதர்க்கு எவ்வளவு என்பதற்கு இஃதொரு சான்று.

அடுத்து வந்த பொன், வெள்ளிப் பதிப்புகளின் வரலாறு இன்னும் தெளிவானது. அவற்றின் முன்னோட்டம் 1997-ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானியக் கண்காட்சி ஒன்றில் காட்டப்பட்டது. முழுப்பதிப்பு வெளிவந்ததோ 1999-ஆம் ஆண்டு நவம்பரில். அம்முன்னோட்டத்தின் நகல் 2018-ஆம் ஆண்டு மே மாதம் இணையத்தில் வெளியானபோது, இடைப்பட்ட ஈராண்டில் நிகழ்ந்த மாற்றங்கள் புலனாயின. தொடக்க உயிரிகளாக இருந்த நெருப்புக் கரடியும் நீர்வகை உயிரியும் இறுதிப் பதிப்பில் இல்லை. ஆனால், வேறு சில எண்ணங்கள் அழியவில்லை. ஈவீ என்னும் உயிரி இலைத்தன்மை பெற்று வளரும் நிலை 1997-ஆம் ஆண்டு முன்னோட்டத்தில் இருந்து, பின்னர் கைவிடப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் பதிப்பில் அவ்வெண்ணம் வேறு உருவில் மீண்டது. வெங்காயத்தாளை ஏந்திய வாத்து வளர்நிலை அடைவது 2019-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. 22 ஆண்டுகள் ஓர் எண்ணம் காத்திருந்தது! கைவிடப்பட்டவை எல்லாம் தோல்விகள் அல்ல. காலம் வராதவையும் அவற்றுள் உண்டு.

இங்கு வரலாற்று மாணவர் ஓர் எச்சரிக்கையைக் கொள்ளுதல் வேண்டும். வெற்றிடம் ஒன்று இருந்தது என்பதைத்தான் எண் மெய்ப்பிக்கும்; அங்கு இருந்தது யாது என்பதை அது கூறாது. தஞ்சையில் செதுக்கப்படாத கரணங்களின் பெயர்களை நூலைக் கொண்டு நாம் கூறலாம். போக்கிமானின் 36 வெற்றிடங்களுக்கு அத்தகைய துணைநூல் இல்லை. பிக்காச்சுவின் குடும்பத்தில் கோரோச்சு என்னும் மூன்றாம் நிலையொன்று இருந்ததையும், விளையாட்டின் சமநிலை கருதி அது நீக்கப்பட்டதையும் 2018-ஆம் ஆண்டு நேர்காணலில் படைப்பாளர்களே கூறினர், ஆதலால் ஏற்கிறோம். ஆனால், துறைமுகத்தில் நிற்கும் சரக்குந்தின் அடியில் மியூ இருக்கிறது என்னும் கதையை உலகெங்கும் சிறுவர் நம்பினர். சரக்குந்து உண்மை, மியூ அங்கிருப்பது பொய். உண்மைப் பொருளொன்றைப் பற்றிக்கொண்டே பொய்க்கதை வளரும் என்பதை இதனினும் எளிதாக மாணவர்க்கு விளக்க இயலாது.

இன்னொரு வினாவும் எழுகிறது. படைத்தவர் மறைத்ததை நாம் காணலாமா? விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குள் எஞ்சியிருப்பதை ஆராய்வது வேறு. பூட்டிய அறைக்குள் புகுந்து எடுப்பது வேறு. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேம் ஃபிரீக் நிறுவனத்தின் கணினிகளுக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஊழியர்களின் சொந்தத் தகவல்களையும் கவர்ந்தனர் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அறிவுத் தேடல் என்னும் பெயரால் இதனை ஏற்க இயலாது. எஞ்சியதைக் கற்போம், களவாடியதைக் கொண்டாடோம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தியை இறுதியில் கூறுகிறேன். நான் மேலே குறிப்பிட்ட மாணவர் சிறுவனாக என் வகுப்பில் இருந்தபோது, தமிழ்க் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கங்களில் விசித்திர விலங்குகளை வரைந்துவைத்திருந்தார். யானைத் தலையும் மீன் உடலும் கொண்ட ஒன்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கோயில் தூண்களில் யாளியையும் மகரத்தையும் கண்டு வியக்கும் நான், அன்று அவற்றைக் கண்டு சினந்தேன். அத்தாள்களைக் கிழித்தெறியச் செய்தேன். அவர் அதனைக் குறையாகக் கூறவில்லை. "ஐயா, நீங்கள் கிழிக்கச் சொன்ன தாளோடு முன்பக்கத்துக் கட்டுரையும் கழன்று விழுந்துவிட்டது" என்று சிரித்துக்கொண்டே கூறினார். நான் சிரிக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செம்மைப்படியை மட்டுமே பார்க்கிறோம். அதற்கே புள்ளி இடுகிறோம். மாணவர் அடித்து எழுதிய வரியும், தொடங்கி விட்டுவிட்ட பத்தியும், ஓரத்தில் வரைந்த உருவமும் நம் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றுகின்றன. அவர் எவ்வழியே சிந்தித்து வந்தார் என்பதை அவையே காட்டும். இப்பொழுது எங்கள் பள்ளியில் மாணவர் கட்டுரைகளின் முதற்படியையும் செம்மைப்படியோடு சேர்த்தே கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மாணவரின் மகள் அண்மையில் தந்த முதற்படியில் ஒரு பத்தி முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிறிய விலங்கு நின்றது. பெயர் எழுதப்படவில்லை. நான் அதனை அப்படியே விட்டுவைத்தேன்.