வெயிட்டிங் லிஸ்ட் போனது, விலையும் போனது

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் கார் புரோக்கராக இருந்து ஓய்ந்தவன் நான். பழைய காரை டீலரிடம் கொண்டுபோய், அவர் சொன்ன விலையைக் கேட்டு முகம் வாடித் திரும்புகிறவர்கள் என்னிடம் வந்து புலம்புவார்கள். டீலர் ஏமாற்றுகிறார் என்பது அவர்கள் கட்சி. எனக்கென்னவோ, சாமர்த்தியம் டீலருடையது என்றாலும் அதற்கு இடம் கொடுத்தது காலம் என்றுதான் படுகிறது.

நான் தொழிலுக்கு வந்தபோது ஊரில் அம்பாசடர், ஃபியட், பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வேறென்ன இருந்தது? புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் விநியோகத்துக்கென்றே 1959இல் மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டிருந்தது. அன்று வண்டி வைத்திருந்தவர் ராஜா. ஓடிய ஃபியட்டுக்குப் புது விலைக்கு மேலேயே கேட்பார். வாங்குகிறவர் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முதல் சில வருஷம் அதற்கும் பிரீமியம்தான். ஆனால் அம்பாசடர்காரர்களுக்கு அன்றே சறுக்கல் தொடங்கிவிட்டது. அவர்களாவது பரவாயில்லை. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வாங்கியவர்கள் பாவம்: ரோவர் உடம்புக்குள் பழைய வான்கார்டு என்ஜின், பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். கொஞ்ச வருஷத்தில் உற்பத்தியே நின்றுபோக, அந்த வண்டி என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவோம். கம்பெனி போனால் மறுவிற்பனையும் போகும். பிறகு டேவூ, 2017இல் செவ்ரலே, 2021இல் ஃபோர்டு என்று அதையே திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

முழுதாகத் தலைகீழானது 1998இல். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ, புனேயிலிருந்து இண்டிகா. கூடவே வங்கிக் கடன். மாதத் தவணையில் புது வண்டி கிடைக்கும்போது பழசுக்கு யார் முந்துவார்கள்? 2001இல் மாருதியே ட்ரூ வேல்யூ என்று பழைய கார் கடை திறந்தது. அதற்குப் பிறகு விலை சொல்வது விற்பவர் அல்ல, வாங்குபவர்.

டீலர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாங்கிய வண்டிக்கு டிங்கரிங், டயர், பாலிஷ், விற்கும்வரை முடங்கிய பணத்துக்கு வட்டி. எல்லாம் அவர் தலையில். மூழ்கிய வண்டி மாட்டிவிடும் பயம் வேறு: 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வண்டி பார்க்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்போம். சுருளின் அடியில் சேற்றுக் கறை இருந்தால் பேச்சு முடிந்தது.

நான் மன்னிக்காதது ஒன்றுதான்: வெற்றுப் படிவம். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யில் பெயரை மாற்றாமல் வண்டியைக் கைமாற்றி விடுவார்கள். ‘ஓனர்’ எண்ணிக்கை ஏறக் கூடாதாம். நடுவில் விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஏப்ரல் முதல் புது விதி: பதிவு பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, அதை ஆன்லைனில் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவருக்கு மாறிவிடும்.

பதிவு இல்லாதவர்கள் இன்னும் வெற்றுப் படிவம்தான் கேட்கிறார்கள். என் மாருதியை விற்கப் போனபோது என்னிடமே ஒரு பையன் நீட்டினான். வாங்குபவர் பெயரை எழுதினால்தான் கையெழுத்து என்றேன். ‘அப்படின்னா அஞ்சாயிரம் குறையும் சார்’ என்றான். குறைத்துக்கொள்ளச் சொன்னேன்.