முஅல்லிம் இல்லாத கப்பல்

ஹிஜ்ரி 745, அதாவது கி.பி. 1344. இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குக் கப்பலேறினார். மூன்று நாள் பயணம் என்பதுதான் கணக்கு. ஆனால் ஒன்பது நாள் கடலில் கழிந்தது. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டதும் மஃபர் அல்ல, ஸரந்தீப். காரணத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார்: கப்பலில் தேர்ந்த மாலுமி ஒருவர் இருக்கவில்லை. பாவாத மலையைத் தரிசித்து, புத்தளத்திலிருந்து மீண்டும் மஃபருக்குப் போகையிலும் அதே கதைதான். கப்பல் ஆழமற்ற கடலில் தட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்துதான் உயிர் தப்ப வேண்டியிருந்தது.

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதும்போது இப்னு பதூதாவின் வருகையை நாம் மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. ஆனால் அவரது இந்த முறைப்பாட்டை யாரும் கவனிப்பதில்லை. "எங்கட முன்னோர் வியாபாரத்துக்கு வந்தவங்க" என்று சொல்லுவோம். கறுவா, மாணிக்கம், யானை என்று சரக்குப் பட்டியலும் தருவோம். அந்தச் சரக்கை இருட்டில், கரை தெரியாத கடலில், குறித்த துறைக்குக் கொண்டு சேர்த்தவர் யார்? அவருக்கு என்ன தெரிந்திருந்தது? அந்தப் பக்கம் நமது எழுத்தில் வெறுமையாகவே கிடக்கிறது.

மொழி மட்டும் அவரை மறக்கவில்லை. மாலுமி என்ற சொல் அரபு 'முஅல்லிம்' என்பதன் திரிபு. இன்று குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவரும் முஅல்லிம்; அன்று கப்பலுக்கு வழி சொன்னவரும் முஅல்லிம். கப்பலை ஆண்டவர் நாகுதா. காலியில் இப்னு பதூதாவுக்கு விருந்து வைத்தவர் பெயரே நாகுதா இப்ராஹீம். நாகுதாவுக்குக் கப்பலும் சரக்கும் கவலை. முஅல்லிமுக்கு வழி கவலை. சுக்கான் என்பதும் அரபுச் சொல்லே.

முஅல்லிமின் கையில் இருந்த கருவி மிக எளியது. ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவில் ஒரு நூல், நூலில் முடிச்சுகள். அரபிகள் இதைக் கமால் என்றார்கள். தமிழ் மாலுமிகளிடம் இராப்பலகை என்ற பெயர் வழங்கியது. சோழமண்டலக் கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றி 1850 அளவில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் சென்னையில் வெளிவந்த ஆய்வேடு ஒன்றில் விவரித்திருக்கிறார். முடிச்சைப் பல்லில் கடித்து, நூல் விறைப்பாக நிற்கும்படி பலகையை முன்னால் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு கடல்கோட்டில், மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தில் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய துறையின் அகலாங்குக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அதன் பிறகு கிழக்கோ மேற்கோ திரும்பி, நட்சத்திரத்தின் உயரம் மாறாமல் ஓட்டிக்கொண்டு போனால் துறை வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காயல்பட்டினமும் திருகோணமலையும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில், எட்டரைப் பாகையை ஒட்டி இருக்கின்றன. ஒரே முடிச்சு இரண்டுக்கும் பொருந்தும். எவ்வளவு கிழக்கே வந்திருக்கிறோம் என்பதைப் பலகை சொல்லாது. அதற்கு முஅல்லிம் ஓடிய நேரத்தைக் கணக்கிட்டார். மூன்று மணி நேர ஓட்டம் ஒரு ஸாம். ஒரு நாளுக்கு எட்டு ஸாம். திசைக்கு, நட்சத்திரங்கள் உதிக்கும், மறையும் இடங்களால் பெயர் பெற்ற 32 பிரிவுகள் கொண்ட திசைவட்டம்.

நட்சத்திரத்தின் உயரத்தை இஸ்பஃ, அதாவது விரல், என்ற அளவால் குறித்தார்கள். முழு வட்டத்துக்கு 224 இஸ்பஃ. ஆகவே ஒரு இஸ்பஃ ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். கடலில் அது ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஒரு விரல் பிசகினால், திருகோணமலைக்குப் போக நினைத்தவர் பருத்தித்துறையையும் தாண்டி விடுவார். துருவ நட்சத்திரமும் அன்று இன்றுபோல் துருவத்துக்கு இத்தனை நெருக்கமாக இல்லை. 15ஆம் நூற்றாண்டில் மூன்றரைப் பாகை அளவு விலகி நின்று துருவத்தைச் சுற்றியது. பார்க்கும் நேரத்தைப் பொறுத்து உயரம் கூடும், குறையும். சந்திரனின் மன்ஸில்களைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்ளும் கணக்கை முஅல்லிம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பலகை செய்வது ஒரு நாள் வேலை. இந்தக் கணக்கோ ஓர் ஆயுள் படிப்பு.

வானம் மூடினால்? அப்போது கடலையே படிக்க வேண்டும். நீரின் நிறம், பறவைகள், இந்தியக் கரையை நெருங்கும்போது காணும் கடற்பாம்புகள், ஈயக்குண்டு விட்டுப் பார்த்த ஆழம், அதில் ஒட்டி வரும் மணல் அல்லது சேறு: எல்லாமே அடையாளங்கள். 2,243 மீற்றர் உயரமான பாவாத மலை, வானம் தெளிந்தால் 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியக்கூடியது. இப்னு பதூதா அதைப் புகைத்தூண்போலக் கண்டதாக எழுதுகிறார். வழி தவறிய கப்பலுக்கு அந்த மலைதான் முஅல்லிமாயிற்று.

இந்த அறிவையெல்லாம் எழுத்தில் வைத்தவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல்கைமாப் பகுதியின் ஜுல்பாரைச் சேர்ந்தவர். தந்தையும் பாட்டனாரும் முஅல்லிம்களே. 1490 அளவில் அவர் முடித்த 'கிதாபுல் ஃபவாஇத்' கடலோடிக்குத் தேவையானதைப் பன்னிரண்டு பகுதிகளில் சொல்கிறது. அவருக்குப் பின் ஸுலைமான் அல்மஹ்ரி இக்கலையை மேலும் ஒழுங்குபடுத்தினார்.

இப்னு மாஜித் பெயரைச் சொன்னவுடன் நம்மவர் சிலர், "வாஸ்கோ ட காமாவுக்கு வழி காட்டினவர்தானே!" என்று கேட்பார்கள். இந்தப் பழி நியாயமானதா? ட காமா 1498 ஏப்ரல் 24இல் மாலிந்தியில் புறப்பட்டு மே 20இல் கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தார். வழிகாட்டி ஒருவர் இருந்தது உண்மை. ஆனால் போர்த்துக்கேய ஆவணங்கள் அவரைக் குஜராத்திக்காரர் என்கின்றன. அவருக்கு அவை தரும் 'மாலெமோ' என்ற பெயர் தனி ஒருவரின் பெயரே அல்ல; முஅல்லிம் என்ற பதவிப் பெயர்தான். இப்னு மாஜித்தைக் குற்றம் சாட்டும் குறிப்பு, பல பத்தாண்டுகள் கழித்து குத்புத்தீன் நஹ்ரவாலி எழுதியது. அந்த வழியும் இரகசியமானதல்ல. பருவந்தோறும் கப்பல்கள் போய்வந்த பாதை அது. ஒரு மனிதர் கதவைத் திறந்துவிட்டார் என்று நம்புவது இலகு. பீரங்கியோடு வந்தவர்கள் பின்பு கர்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டில்லாத கப்பல்களைப் பிடித்ததும், 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதும்தான் நமது கடலோட்டத்தை முறித்தன. கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்த மக்களில் பலர் கிழக்கே குடியேறினார்கள். வயலும் அவர்களுடைய வாழ்வாயிற்று.

ஆனாலும் எல்லாம் அழியவில்லை. கிழக்குக் கரையில் கடலுக்குப் போறவங்க இன்றும் கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிப்பாங்க. நீரோட்டத்தையும் வெள்ளியையும் பார்த்து வலை போடுற வயசாளிகளும் இருக்கிறாங்க. மறுபக்கம், சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றும் மேல்நாட்டார் சிலர், ஜிபிஎஸ் பழுதானால் உதவுமென்று இதே கமாலைச் செய்து பழகுகிறார்கள். நம் வீட்டுப் பொருளை அவர்கள் கையில் பார்த்துத்தான் நாம் அறிய வேண்டியிருக்கிறது.

கல்வெட்டையும் காணி உறுதியையும் தேடுகிற நாம், கடலோடிக் குடும்பங்களின் சொற்களையும் தேட வேண்டும். ஒரு வயசாளி மவுத்தாகும்போது ஒரு காற்றின் பெயரும் ஒரு வெள்ளியின் பெயரும் கூடவே போய்விடலாம். வாசகர்கள் தத்தம் ஊரில் உள்ளவற்றைக் கேட்டு, எழுதி வைப்பார்களானால் அதுவே பெரிய தொடக்கம். முஅல்லிம் இல்லாத கப்பலுக்கு மூன்று நாள் வழி ஒன்பது நாளானது. வழி சொன்னவர்களை விட்டுவிட்டு எழுதும் வரலாறும் சேரவேண்டிய கரைக்குச் சேராது.