வலிக்கு ஒரு துணை

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, ஆண்டாப் ஹில்லிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நாம், உற்றார் பலரை ஊரிலே விட்டு வந்தவர்கள். காய்ச்சல் சில நாளில் தீரும். ஆண்டுக்கணக்கில் நீளும் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் யார் துணை? மருத்துவ வரலாறு இதற்கு விடை தருகிறது.

அடிபட்ட உறுப்பிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியே வலி என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர். 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் அக்கருத்தை மாற்றினர். தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு. அதனைத் திறப்பதிலும் அடைப்பதிலும் மனத்துக்கும் பங்குண்டு என்றனர்.

2006இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் குழுவினர் மணமான 16 பெண்களை ஆராய்ந்தனர். மின்னதிர்ச்சியை எதிர்நோக்கிய வேளையில் கணவரின் கையைப் பற்றியபோது, அச்சத்தைச் சார்ந்த மூளைப் பகுதிகளின் கிளர்ச்சி தணிந்தது. அறிமுகமற்றவரின் கையும் ஓரளவு பயன் தந்தது.

ஆயினும், நோயாளியைப் படுக்கையிலேயே இருத்தி எல்லா வேலைகளையும் நாமே செய்வது துணையாகாது. அத்தகைய பரிவு வலியை நீடிக்கச் செய்யக்கூடும் என்று வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

நம் நாட்டில், கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய வலி நிவாரண இயக்கம், 2001 முதல் ஊராரையே பயிற்றுவித்து நோயாளிகளின் இல்லங்களுக்கு அனுப்பலாயிற்று. சென்றவர்கள் உறவினரல்லர், அயலார். உறவு தொலைவிலிருக்கும் நமக்கும் இவ்வழி ஏற்றதே. மருந்தை மருத்துவர் தருவார். சயான் மருத்துவமனைக்கு உடன் வரவும், மாலையில் சிறிது தூரம் சேர்ந்து நடக்கவும் அடுத்த வீட்டார் போதும்.