சிங்கம் மானான கதை: கால்பந்து விளம்பரமும் விதிகளின் சொற்களும்

1973 மார்ச் 24 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஷால்கே அணிக்கு எதிரான ஆட்டம் தொடங்கவிருந்தது. அதற்கு முன் நடுவர் அளவுகோலுடன் உள்ளூர் அணியின் வீரர்களிடம் சென்றார். அவர்களது மார்பில் இருந்த மான் தலை இலச்சினை 14 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறதா என்று சரிபார்ப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. கால்பந்தில் பணத்துக்கும் விதிக்கும் இடையே இன்றுவரை நடந்துவரும் வழக்குகளின் சாரம் ஏறத்தாழ முழுவதுமே அந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது.

மானுக்கு முன் அந்த இடத்தில் இருந்தது சிங்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்ட கோமகன் ஹைன்ரிஷின் பட்டப்பெயரே 'சிங்கம்'தான். நகரத்தின் சின்னமும் அதுவே. 1971இல் வெளிப்பட்ட லஞ்ச ஊழல் ஜெர்மன் லீக்கின் மதிப்பைக் குலைத்தது. பார்வையாளர் கூட்டம் குறைந்தது, கழகங்களின் கையிருப்பும் கரைந்தது. பக்கத்து ஊரான வொல்ஃபன்ப்யூட்டலில் யேகர்மைஸ்டர் என்னும் மூலிகை மதுவைத் தயாரித்துவந்த குன்ட்டர் மாஸ்ட், ஐன்ட்ராக்ட் பிரவுன்ஷ்வைக் கழகத்துக்குப் பணம் தர முன்வந்தார். அவரது மதுப்புட்டியின் சின்னம் மான் தலை. வீரர்களின் சட்டையில் விளம்பரம் கூடாது என்றது ஜெர்மன் கால்பந்துச் சங்கம். ஆனால் ஒரு கழகம் தன் சொந்த இலச்சினையை அணிவதை எந்த விதி தடுக்கும்? கழக உறுப்பினர்கள் கூடி வாக்களித்துச் சிங்கத்தை நீக்கிவிட்டு மானை ஏற்றனர். விளம்பரம் இலச்சினையாக மாறியது. அல்லது இலச்சினை விளம்பரமாக மாறியது. எது எதுவாக மாறியது என்பதைச் சங்கத்தால் நிறுவ முடியவில்லை. அதனால் சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டது.

நோக்கத்தை அளக்க முடியாதவர்கள் நீளத்தை அளப்பார்கள். அதே ஆண்டு அக்டோபரிலேயே சட்டை விளம்பரத்தை அனுமதிக்கச் சங்கம் முடிவு செய்துவிட்டது. அந்தப் பருவத்தில் பிரவுன்ஷ்வைக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதை மானின் குற்றமாகச் சொல்ல முடியாது. 1980களில் கழகத்தின் பெயரிலேயே யேகர்மைஸ்டரைச் சேர்க்க மாஸ்ட் முயன்றார். அப்போதுதான் சங்கம் முழு வலுவோடு குறுக்கே நின்றது. படத்தை விட்டுக்கொடுத்தவர்கள் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கிலாந்தில் இதே சண்டை ஓர் எழுத்தளவுக்குச் சுருங்கியது. 1976 ஜனவரியில் கெட்டரிங் டவுன் என்ற சிறிய கழகம், பாத் சிட்டிக்கு எதிராக 'கெட்டரிங் டயர்ஸ்' என்ற எழுத்துகளைத் தாங்கிய சட்டையுடன் களமிறங்கியது. ஏற்பாடு செய்தவர் டெரக் டூகன். தொழில்முறை வீரர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். எழுத்துகளை அகற்றுமாறு இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஆணையிட்டது. டூகன் கடைசி எழுத்துகளை மட்டும் நீக்கி 'கெட்டரிங் டி' என்று நிறுத்திக்கொண்டார். 'டி' என்பது 'டவுன்' என்பதன் முதலெழுத்து என்பது அவர் தந்த விளக்கம். ஆங்கிலத்தில் டயருக்கும் அதே முதலெழுத்துதான். 1972இல் விதித்ததாகச் சொல்லப்பட்ட தடை எழுத்து வடிவில் இல்லை என்றும் அவர் வாதிட்டார். 1,000 பவுண்டு அபராதம் என்ற மிரட்டல் வந்தபோது ஒற்றை எழுத்தும் போயிற்று. எழுத்தில் இல்லாத விதி சட்டையில் இருந்த எழுத்தை அழித்தது என்பதை அந்த நாட்டு வரலாறு ஒரு நகைச்சுவையாகவே நினைவுகூர்கிறது. மறு ஆண்டே தடை தளர்ந்தது.

2009இல் லைப்ஸிக் நகரில் ரெட் புல் நிறுவனம் டூகனின் உத்தியைத் தலைகீழாகக் கையாண்டது. கழகப் பெயரில் நிறுவனப் பெயர் கூடாது என்ற ஜெர்மன் விதியை மீறாமல் 'ராசன்பால்ஷ்போர்ட்' என்றொரு சொல்லை உருவாக்கினார்கள். 'புல்தரைப் பந்து விளையாட்டு' என்பது பொருள். அப்படியொரு விளையாட்டை எந்த ஜெர்மானியரும் அப்பெயரால் அழைத்ததில்லை. ஆர், பி என்னும் முதலெழுத்துகளுக்காகவே பிறந்த சொல் அது.

கொல்கத்தாவில் இவ்வளவு சிரமம் தேவைப்படவில்லை. 1990களின் இறுதியில் ஒரே மதுபானக் குழுமத்தின் இரு பெயர்கள் பரம்பரை எதிரிகள் இருவருக்கும் முன்னொட்டுகளாயின: மெக்டவல் மோகன் பகான், கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். 2020இல் மோகன் பகானின் முன்னால் 'ஏடிகே' ஒட்டியபோது ரசிகர்கள் அதை நீக்கக் கோரிப் போராடினர். 2023இல் கோப்பை வென்ற கையோடு 'ஏடிகே' நீங்கியது. அதற்குப் பதிலாக வந்த பின்னொட்டு 'சூப்பர் ஜயன்ட்'. அதே உரிமையாளர்களின் லக்னோ கிரிக்கெட் அணியின் பெயரை அறிந்தவர்களுக்கு இதன் வேர் விளங்கும்.

பெயர், படம், எழுத்து என்றிருந்த வழக்கு, ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் வரவு செலவுச் சமநிலை விதிகளைக் கொண்டுவந்தபின் விலைக்கு இடம்பெயர்ந்தது. வரவுக்கு மேல் செலவழிக்கக் கூடாதென்றால், உரிமையாளருக்கு நெருங்கிய நிறுவனமொன்று சட்டை விளம்பரத்துக்கு மிகைவிலை கொடுத்து வரவைப் பெருக்கிவிடலாம். 2021 அக்டோபரில் சவூதி அரசு முதலீட்டு நிதியம் நியூகாசிலை வாங்கியவுடன் இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு இந்த அச்சம் வந்தது. தொடர்புடைய நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் 'நியாயமான சந்தை விலை'யில் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. 2024இல் மான்செஸ்டர் சிட்டி அதை எதிர்த்துத் தீர்ப்பாயம் சென்றது.

அவ்வழக்கின் மிகச் சுவையான பகுதி ஒரு துணைவினையைப் பற்றியது. முதல் விதியில் நியாய விலை என்பது சந்தையில் கிடைக்கக்கூடிய விலை. 2024 பிப்ரவரித் திருத்தத்தில் அது கிடைக்கும் விலை ஆயிற்று. விலை 'வெளிப்படையாக' மிகையானது என்பதிலிருந்த அடைமொழியும் நீங்கியது. 'கூடிய' என்ற சொல் இருந்தால் பல விலைகள் நியாயமானவை. நீங்கினால் ஒன்றே ஒன்று. தமிழில் இவ்வேறுபாட்டை ஒரு குழந்தையும் உணரும். பல கோடி பவுண்டு ஒப்பந்தங்களின் தலைவிதி அதில் தொங்கியது. அத்திருத்தம் செல்லாது என்றது தீர்ப்பாயம்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. உரிமையாளர் தன் கழகத்துக்கு விளம்பரப் பணம் தந்தால் விலை ஆராயப்படும். வட்டியில்லாக் கடன் தந்தால் ஆராயப்படாது. எவர்ட்டன் உட்படப் பல கழகங்கள் அத்தகைய கடனில்தான் நின்றன. அபுதாபியின் பணம் 'தொடர்புடையது', மற்றவரின் பணம் வெறும் 'கடன்' என்ற இந்தப் பாகுபாட்டில் சிட்டியின் முறையீடு நியாயமானதே. அக்கழகத்தின் பிற கணக்குகள் குறித்து எவரும் என்ன நினைத்தாலும் சரி. 2024 அக்டோபரில் அந்த விலக்கு சட்டவிரோதம் என்று தீர்ப்பாயம் அறிவித்தது. நவம்பரில் 16க்கு 4 என்ற வாக்கில் கழகங்கள் விதியைத் திருத்தின. பழைய விதி முழுவதுமே செல்லாது என்ற தீர்ப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. புதிய விதிக்கு எதிராகவும் சிட்டி வழக்கிட்டது.

2025 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் கண்டன. புதிய விதிகள் செல்லும் என்று சிட்டி ஏற்றுக்கொண்டது. சில வரிகளே கொண்ட அந்த அறிவிப்பு, இவ்விஷயம் பற்றி இருவரும் இனி எதுவும் கூறப்போவதில்லை என்பதோடு முடிந்தது.