தென்கிழக்கே திரும்பின ஆன்டெனா

சென்னைக்காரங்களுக்கு டிவி என்றாலே தூர்தர்ஷன். எங்க தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்கு முதல்ல வந்தது இலங்கை டிவிதான்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனா நாங்க 500 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்கோம். அந்த அலை இங்க எட்டாது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தது. அதன் கோபுரம் நிற்கிற பிதுருதலாகல மலை 2,524 மீட்டர் உயரம். எங்களுக்குத் தென்கிழக்கே சுமார் 350 கிலோமீட்டர், நடுவில் மன்னார் வளைகுடா. கணக்குப்படி பூமியின் வளைவு அதை மறைக்கணும். ஆனா காற்று அடங்கின நாட்களில் கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும், அதுக்கு மேல சூடான காற்றும் அடுக்காகப் படியும். அந்த அடுக்கு அலையை வளைச்சு நம்ம கரையில் இறக்கிவிடும். அதனாலதான் ஒருநாள் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், மறுநாள் வெறும் புள்ளி.

அதைப் பிடிக்க உதவியது யாகி ஆன்டெனா. 1926-ல் ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் உருவாக்கியது. நீளமான கம்பி பின்னால, குட்டையான கம்பிகள் நிலையத்தைப் பார்த்து முன்னால. குழாயை ஒட்டுப்போட்டு உயர்த்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுவோம். உப்புக்காற்று இணைப்பை அரிச்சிடும். சுரண்டித் துடைச்சாலே பாதிப் புள்ளி போயிரும். பூஸ்டரை டிவி பக்கத்தில் வச்சவங்களுக்குப் பலன் குறைவு. வயர்ல அலை தேஞ்ச பிறகு பெருக்கினால் புள்ளியும் சேர்ந்தே பெருகும். கம்பத்தின் உச்சியில் மாட்டினால்தான் படம் தெளியும்.

இவ்வளவு பாடுபட்டும் வந்ததில் பெரும்பகுதி சிங்களம். கிரிக்கெட்டுக்கு மொழி தேவையில்லை. வானிலை அப்படியில்லை; மானாவாரிக்காரனுக்கு அதுதான் முக்கியம். படத்தைப் பார்த்து நாங்களாக ஊகிச்சுக்கணும்.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. ஊர் முழுக்க ஆன்டெனாக்கள் வடக்கே திரும்பின. டெல்லியின் இந்தியும் கூடவே வந்தது என்றாலும், ‘வயலும் வாழ்வும்’ நமக்குப் புரியும் தமிழில் கிடைச்சது. கம்பி அதேதான், குழாயும் அதேதான். எந்தக் கோபுரம் எட்டுதோ, அந்த நாட்டுச் செய்திதான் எங்க வீட்டுச் செய்தியா இருந்தது.