தாயும் பிள்ளையும், நடுவுல ஒரு லிங்க்கரும்

பொட்டி தட்டுற மக்களுக்கெல்லாம் பழகின வசனம் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'. கம்பைல் ஒழுங்கா முடிஞ்சு, டீ குடிக்கக் கிளம்பும்போதுதான் லிங்க்கர் சட்டையைப் பிடிக்கும்.

கவரைப்பேட்டையில இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய் வர்ற எனக்கு இது தமிழால வந்துச்சு. மெஷின்ல ஒட்டுற எச்சரிக்கை லேபிள், 'தொடாதே'ன்னு அச்சாகணும். ஃப்ரீடைப் மட்டும் இருந்தா எழுத்து வரும், ஆனா கொம்பு இடம் மாறி நிக்கும். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னாடிதான் சேமிக்கப்படுது. அதை முன்னாடி கொண்டுவந்து வைக்கிறது ஹார்ஃப்பஸ் லைப்ரரி. மெஷினுக்குள்ள கையை விடப்போறவர் படிக்கிற வாசகம்ங்க இது, 'ஏதோ புரியுதுல்ல'ன்னு விட முடியுமா?

சரி, ரெண்டையும் ஸ்டாட்டிக்கா சேர்த்தாச்சு. இந்த வரிசையில கொடுத்தா அதுல இருக்கிற ஃபங்ஷனைக் காணோம்னுது. மாத்திக் கொடுத்தா இதுல இருக்கிறதைக் காணோம்னுது!

காரணம் ரொம்பப் பழசு. லிங்க்கர் லைப்ரரிகளை இடமிருந்து வலமா ஒரே ஒரு தடவை பார்க்கும், திரும்பிப் போகாது. ஆரம்பகால யூனிக்ஸில் ஒரே லைப்ரரிக்குள்ள இருக்கிற ஃபைல்களுக்கே இந்தக் கதிதான். அவற்றை வரிசைப்படுத்தறதுக்குன்னே 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் 'லோர்டர்', 'டிசார்ட்'னு ரெண்டு நிரல்கள் இருந்துச்சு. லைப்ரரிக்குள்ளேயே அட்டவணை வைக்கிற 'ரான்லிப்' வந்ததும் அந்தத் தேவை போச்சு. டிசார்ட் மட்டும் இன்னிக்கும் லினக்ஸில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கு. ஆனா ஒண்ணு, 'அ'வுக்கு 'ஆ' வேணும், 'ஆ'வுக்கு 'அ' வேணும்னா அதுவும் 'லூப்'னு கையை விரிச்சிடும்.

நம்ம ஜோடி விஷயத்துல நடந்ததும் அதேதான். இவங்க குடும்பக் கதை சுவாரசியமானது. 1996-இல் டேவிட் டர்னர் தொடங்கினது ஃப்ரீடைப். அதோட முதல் பதிப்புல இருந்த ஓப்பன்டைப் நிரலை ரெண்டாம் பதிப்புல கழட்டி விட்டாங்க. பாங்கோவும் க்யூட்டியும் ஆளுக்கொரு நகல் எடுத்து வளர்த்தாங்க. அதெல்லாம் ஒண்ணு சேர்ந்ததுதான் ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் 'ஓப்பன் டைப்'னு அர்த்தமாம். பின்னாடி பெஹ்தாத் எஸ்ஃபாபோத் அதைப் புதுசாவே எழுதினார். பிள்ளைக்கு எழுத்துருவைத் திறக்கத் தாய் வேணும். 2010-களில் தாய்க்கும் பிள்ளை தேவைப்பட்டுச்சு. எந்த எழுத்துவடிவம் எந்த எழுத்துமுறையோடதுன்னு தெரிஞ்சா தானா கூர்மையாக்கறது இன்னும் நல்லா வரும், அதுக்கு ஹார்ஃப்பஸ்கிட்ட கேட்கும். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்வாங்க, இங்க வயிறு ஒண்ணாயிடுச்சு.

அதனால லினக்ஸை மூலத்திலிருந்து கட்டுறவங்க ஃப்ரீடைப்பை ஹார்ஃப்பஸ் இல்லாம ஒரு தடவை, ஹார்ஃப்பஸை ஒரு தடவை, மறுபடி ஃப்ரீடைப்பை ஒரு தடவைன்னு மூணு சுத்து சுத்தினாங்க. எனக்கு, ரெண்டு லைப்ரரியையும் 'ஸ்டார்ட் குரூப்', 'எண்ட் குரூப்' நடுவுல போட்டதும் வேலை முடிஞ்சுது. அதுக்குள்ள இருக்கிறதை மட்டும் லிங்க்கர் திரும்பத் திரும்பப் பார்க்கும். லேபிளில் கொம்பும் சரியான இடத்துல வந்து நின்னுது.

2025-இல் வந்த ஃப்ரீடைப் 2.14, ஹார்ஃப்பஸை ஓடும்போது தேடி ஏத்திக்கவும் முடியும். அப்படிச் செஞ்சா கட்டும்போது சிக்கல் இல்லை. பழைய பதிப்பை ஸ்டாட்டிக்கா கட்டுறவங்களுக்கு இன்னும் குரூப் கைகொடுக்கும்.