டைட்டில் கார்டில் இல்லாத பெயர்

1969-ல் வந்த ‘மிட்நைட் கௌபாய்’ படம் எங்கேயாவது ஸ்ட்ரீமிங்கில் கிடைச்சா, டைட்டில் கார்டை ஸ்கிப் பண்ணாம நிறுத்தி நிறுத்திப் படிச்சுப் பாருங்க. கேமரா, எடிட்டிங், காஸ்ட்யூம்னு எல்லாருடைய பெயரும் வரும். மேரியன் டோஹர்ட்டிங்கிற பெயர் மட்டும் வராது. அந்தப் படத்துக்கு நடிகர்களைத் தேடிக் கொண்டுவந்தவங்க அவங்கதான்.

அந்தப் படத்துல நடிச்ச மூணு பேர் ஆஸ்கருக்கு நாமினேட் ஆனாங்க. ஜான் வாய்ட், டஸ்டின் ஹாஃப்மன், அப்புறம் சில்வியா மைல்ஸ். சில்வியா மைல்ஸ் திரையில வர்றதே சில நிமிஷம்தான். படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கிச்சு. ஆனா இந்த மூணு பேரை யார் தேடிப் பிடிச்சதுன்னு படத்தைப் பார்த்து யாராலும் தெரிஞ்சுக்க முடியாது. அது ஏன்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஏஜென்ட் வேற, காஸ்டிங் டைரக்டர் வேற. ஏஜென்ட் நடிகர் பக்கம் இருக்கிறவர். நடிகருக்கு வர்ற சம்பளத்துல கமிஷன் எடுப்பார், அமெரிக்காவுல வழக்கமா 10 சதவீதம். காஸ்டிங் டைரக்டர் தயாரிப்பாளர் பக்கம், அவருக்குச் சம்பளம் படத்தோட பட்ஜெட்ல இருந்து வரும். அதனால நடிகர்கிட்ட காசு கேட்க அவருக்கு எந்தக் காரணமும் கிடையாது. (‘காஸ்டிங்’னு சொல்லிட்டு யாராவது உங்ககிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்டா, அந்த சாட்டை அப்பவே மூடிடுங்க.)

இப்போ கொஞ்சம் பின்னாடி போகலாம். 1930, 40-களில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் நம்ம ஐடி கம்பெனி மாதிரியே இயங்கின. நடிகர்கள் வாரச் சம்பளம் வாங்குற ஊழியர்கள், ஏழு வருஷ ஒப்பந்தம். கொடுத்த வேஷத்தை வேண்டாம்னு சொன்னா சஸ்பெண்ட் பண்ணுவாங்க, சஸ்பென்ஷன்ல போன நாட்களை ஒப்பந்தத்தோட கடைசியில சேர்த்துடுவாங்க. நோட்டீஸ் பீரியட் முடியவே முடியாத ஒரு வேலையை யோசிச்சுப் பாருங்க. ஒலிவியா டி ஹாவிலண்ட் இதை எதிர்த்து வார்னர் பிரதர்ஸ் மேல வழக்குப் போட்டாங்க. 1944-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏழு வருஷம்னா காலண்டர்படி ஏழு வருஷம்தான்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு.

அந்தக் காலத்துல காஸ்டிங் பெரும்பாலும் ஒரு குமாஸ்தா வேலை. கதாநாயகன், கதாநாயகனோட நண்பன், வில்லன், நர்ஸ்னு வகை வகையா ஒரு பட்டியல் இருக்கும். யார் இப்போ சும்மா இருக்காங்களோ அவங்களை டிராப்-டவுன் மெனுவுல எடுக்கிற மாதிரி எடுத்துப் போட்டுடுவாங்க. சம்பளம் ஏற்கெனவே போயிட்டிருக்கு, பின்ன எதுக்கு வெளியில தேடணும்?

1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்கள் தியேட்டர்களையும் சேர்த்து வெச்சிருக்கிறதுக்கு எதிரா தீர்ப்பு கொடுத்தது. தொலைக்காட்சியும் வந்துடுச்சு. நூற்றுக்கணக்கான நடிகர்களுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிறது கட்டுப்படியாகல. ஒப்பந்தங்கள் மெல்ல மெல்லக் கரைஞ்சு போச்சு. பட்டியல் போனதும்தான் “யாரைப் போடலாம்?”ங்கிறது ஒரு நிஜமான கேள்வியா மாறுது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினவங்க நியூயார்க்ல இருந்தாங்க. என்பிசி-யில் 1947-ல் இருந்து ‘கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்’னு ஒரு நிகழ்ச்சி. ஆமா, சீஸ் விக்கிற அதே கிராஃப்ட்தான் ஸ்பான்சர். வாராவாரம் ஒரு மணி நேர நாடகம், நேரலையில. ரீடேக் கிடையாது. நடிகர் வசனத்தை மறந்தா நாடே பார்க்கும். பெரிய ஸ்டார்கள் மேற்குக் கரையில, ஸ்டுடியோ ஒப்பந்தத்துல இருக்காங்க. அப்போ ஒவ்வொரு வாரமும் புதுசா ஒரு கூட்டம் நடிகர்களை எங்கிருந்து கொண்டுவர்றது?

அங்க காஸ்டிங் உதவியாளரா சேர்ந்தவங்கதான் மேரியன் டோஹர்ட்டி, 1923-ல் பென்சில்வேனியாவுல பிறந்தவங்க. அவங்க சாயங்காலம் ஆனா நாடக அரங்குகளுக்குப் போவாங்க. பிராட்வேக்கு மட்டும் இல்ல, ஐம்பது பேர் உட்கார்ற சின்ன இடங்களுக்கும். பார்த்த ஒவ்வொரு நடிகரைப் பத்தியும் ஒரு சின்ன அட்டையில குறிப்பு எழுதி வெப்பாங்க. முகம் எப்படி, என்ன வரும், எது வராதுன்னு. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்சது இந்த அட்டைகள்தான். ஸ்டுடியோ பட்டியல்ல ஒரு நடிகர் ஒரே ஒரு வகைக்குள்ள அடங்கிடுவார். இந்த அட்டையில அவர் ஒரு மனுஷனா இருந்தார், பத்து வருஷம் கழிச்சும் எடுத்துப் படிச்சுப் பார்க்கலாம். ஜேம்ஸ் டீன் பெரிய ஸ்டார் ஆகுறதுக்கு முன்னாடி கிராஃப்ட் நாடகத்துல நடிச்சவர்.

1958-ல் ‘நேக்கட் சிட்டி’ன்னு ஒரு போலீஸ் தொடர் தொடங்குது, நியூயார்க் தெருக்களிலேயே எடுத்தது. ராபர்ட் டுவால், டஸ்டின் ஹாஃப்மன் எல்லாரும் யாருக்கும் தெரியாத காலத்துல அதுல வந்துபோனவங்க. ஜான் வாய்ட்டும் வந்தார். ஆனா அவர் சரியா பண்ணல. டோஹர்ட்டி நம்பிக் கொண்டுவந்த பையன், அவங்க பெயரையும் சேர்த்துக் கெடுத்துட்டார். இன்டர்வியூ எடுக்கிற இடத்துல நாம என்ன பண்ணுவோம்? ‘ரிஜெக்டட்’னு போட்டுட்டு அடுத்த ரெஸ்யூமே. டோஹர்ட்டி அப்படிப் பண்ணல. சில வருஷம் கழிச்சு ‘மிட்நைட் கௌபாய்’ வந்தப்போ, டெக்ஸாஸ்ல இருந்து நியூயார்க் வர்ற அப்பாவி கௌபாய் வேஷத்துக்கு அதே வாய்ட்டைப் பாருங்கன்னு டைரக்டர் ஜான் ஷ்லெஸிங்கர்கிட்ட சொன்னாங்க. முதல்ல மைக்கேல் சராஸினைத்தான் முடிவு பண்ணாங்க, அது கைகூடல. கடைசியில வாய்ட் வந்தார்.

டைட்டில்ல தனக்குன்னு தனி கார்டு வேணும்னு டோஹர்ட்டி கேட்டாங்க. கிடைக்கல. கடைசியில பெயரே இல்லாமப் போச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1968-ல், ‘தி தாமஸ் கிரௌன் அஃபேர்’ படத்துல லின் ஸ்டால்மாஸ்டருக்குத் தனி கார்டு கொடுத்தார் டைரக்டர் நார்மன் ஜூவிசன். காஸ்டிங் பண்ணவருக்குக் கிடைச்ச முதல் தனி கார்டு அது. ஸ்டால்மாஸ்டரும் சாதாரண ஆள் இல்ல. ‘சூப்பர்மேன்’ படத்துக்கு கிறிஸ்டோஃபர் ரீவ்னு ஒரு அறிமுகம் இல்லாத நடிகரோட போட்டோவை அவர் மேல வெப்பார், தயாரிப்பாளர்கள் தூக்கிப் போடுவாங்க, இவர் மறுபடியும் மேல வெப்பார்.

டோஹர்ட்டி மன்ஹாட்டன்ல 30-வது தெருவுல ஒரு பழைய வீட்டுல ஆபீஸ் போட்டாங்க. உதவியாளர்கள் எல்லாம் இளம் பெண்கள். அங்க செக்ரட்டரியா சேர்ந்த ஜூலியட் டெய்லர் பின்னாடி ‘டாக்ஸி டிரைவர்’, ‘ஆனி ஹால்’, ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படங்களுக்கு காஸ்டிங் பண்ணாங்க. மெரில் ஸ்ட்ரீப்போட முதல் படமான ‘ஜூலியா’வும் அவங்க காஸ்டிங்தான்.

டோஹர்ட்டி அப்புறம் ஸ்டுடியோக்களுக்கே வேலைக்குப் போனாங்க. வார்னர் பிரதர்ஸ்ல இருந்தப்போ 1987-ல் ‘லீத்தல் வெப்பன்’. குடும்பஸ்தனான ஒரு போலீஸ்காரர் வேஷம். ஸ்கிரிப்ட்ல அவர் கறுப்பினத்தவர்னும் இல்ல, வெள்ளையர்னும் இல்ல. டேனி குளோவரைப் போடலாம்னு டோஹர்ட்டி சொன்னதும், ஆனா அவர் கறுப்பராச்சேன்னு முதல்ல தனக்குத் தோணுச்சு, அந்த நிமிஷமே தன்மேலேயே வெட்கம் வந்துச்சுன்னு டைரக்டர் ரிச்சர்ட் டானர் பின்னாடி ஒத்துக்கிட்டார். ஸ்கிரிப்ட்ல ஒரு விஷயம் காலியா இருந்தா, படிக்கிறவங்க மனசு பழக்கத்துல இருக்கிற டிஃபால்ட் வேல்யூவைப் போட்டுடும். அந்த டிஃபால்ட்டை மாத்தினது இந்த அம்மா.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்லுது? கடைசி முடிவு டைரக்டரோடதுதான், அதனால ‘காஸ்டிங் டைரக்டர்’னு ஒரு டைரக்டரே கிடையாதுன்னு டைரக்டர்கள் சங்கத் தலைவரா இருந்த டெய்லர் ஹாக்ஃபோர்ட் ‘காஸ்டிங் பை’ங்கிற ஆவணப்படத்துல நேராவே சொல்றார். ஹாலிவுட் படங்கள்ல பெரும்பாலும் ‘காஸ்டிங் பை’ன்னு மட்டும் போடுறதுக்கும் இந்தச் சண்டைதான் காரணம். முடிவு டைரக்டரோடதுங்கிறது உண்மைதான். ஆனா எடிட்டிங்லயும் கடைசி முடிவு டைரக்டரோடதுதானே? எடிட்டிங்குக்கு 1934 படங்கள்ல இருந்தே ஆஸ்கர் இருக்கு. முப்பது பேர்ல யாரை டைரக்டர் கண்ணுல காட்டணும்னு தீர்மானிக்கிறவங்க, பாதி முடிவை ஏற்கெனவே எடுத்தாச்சு. பெண்கள் அதிகமா இருந்த, சம்பளம் கம்மியா இருந்த துறையை ‘உதவி’ன்னு சொல்றது எல்லாருக்கும் வசதியா இருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

1991-ல் டோஹர்ட்டிக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுக்கச் சொல்லி பெரிய டைரக்டர்களும் நடிகர்களும் அகாடமிக்குக் கடிதம் எழுதினாங்க. கொடுக்கல. 2011 டிசம்பர்ல அவங்க இறந்துட்டாங்க. ‘காஸ்டிங் பை’ வெளிவந்தது அடுத்த வருஷம். 2013-ல் அகாடமி காஸ்டிங் டைரக்டர்களுக்குத் தனிப் பிரிவு தொடங்குச்சு. 2016-ல் ஸ்டால்மாஸ்டருக்குக் கௌரவ ஆஸ்கர், காஸ்டிங்குக்காக அதை வாங்கின முதல் ஆள். 2024-ல் ஜூலியட் டெய்லருக்கு. அதே 2024 பிப்ரவரியில, 2025-ல் வெளியாகிற படங்கள்ல இருந்து காஸ்டிங்குக்குன்னே தனி ஆஸ்கர்னு அறிவிப்பு வந்துச்சு. ‘மிட்நைட் கௌபாய்’ வந்து அப்போ 55 வருஷம் ஆகியிருந்தது.

படம் பார்க்கலேன்னா பாருங்க. வாய்ட்டும் ஹாஃப்மனும் நியூயார்க் தெருவைக் கடக்குற சீன்ல அந்த டாக்ஸியையும் கவனிங்க. அதுக்குப் பின்னாடி ஒரு தனிக் கதை இருக்கு, அது இன்னொரு எபிசோட்ல.